டுனீஷியாவில் எட்டு நாள்

ஓய்வு பெற்ற ஆசிரியத் தோழர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் பிரான்ஸ் நாட்டில் லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறார். விடுமுறையின்போது தாய் தந்தையரை அழைத்துக்கொண்டு வட ஆப்பிரிக்காவிலுள்ள டுனீஷியா நாட்டுக்கு எட்டு நாள் போய்வர அந்தப் பெண் திட்டமிட்டிருக்கிறாராம். நாலு நாள் கடற்கரை, நாலு நாள் பழைய ஊர்கள். "ஆயுள் முழுவதும் சங்கச் சந்தா கட்டியவன், ஊர்வலத்தில் கொடி பிடித்தவன் நான். அன்னிய நாட்டுக் கடற்கரையில் போய் உல்லாசமாகப் படுத்துக் கிடப்பது நமக்கு அடுக்குமா? போவதானால் எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது?" என்று கேட்கிறார்.

நேர்மையான கேள்வி. இதைக் காரியாலயத்தில் படித்துக் காட்டியபோது இரண்டு விதமான பதில்கள் கிளம்பின. "ஏழை நாட்டு ஜனங்களின் நடுவே போய் ராஜா மாதிரி உட்கார்ந்து தின்பதா? வேண்டாம் என்று எழுதுங்கள்" என்றார் ஒரு தோழர். "ஆசிரியர் வாழ்க்கையில் ஒரு தடவை கடல் குளிக்கப் போகிறார், அதில் எதற்கு அரசியல்? போய் வரட்டும், விடுங்கள்" என்றார் மற்றொரு தோழர். இரண்டும் நமக்குச் சம்மதமில்லை. போகத்தான் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். எப்படிப் போவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கைத் தீர்த்துக்கொள்வோம். சம்பளத்தோடு விடுமுறை என்பது முதலாளி மனமிரங்கிக் கொடுத்த தருமம் அல்ல. ஆசிரியரின் மகள் வேலை செய்கிற அதே பிரான்ஸில் அதைப் பிடுங்கி எடுத்தவர்கள் தொழிலாளிகள். 1936 மே மாதத் தேர்தலில் மக்கள் முன்னணி வென்றது. புதிய மந்திரிசபை நாற்காலியில் அமர்வதற்கு முன்பே ஆலைக்கு ஆலை தொழிலாளர்கள் வெளியே போகாமல் இயந்திரங்களின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஜூன் 7-ம் தேதி முதலாளிகள் சங்கம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஜூன் 20-ம் தேதி, ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்று சட்டம் வந்தது. அந்தக் கோடையில் முதன்முதலாகக் கடலைக் கண்ட குடும்பங்கள் ஆயிரமாயிரம். இன்று பிரான்ஸில் அது ஐந்து வாரம். ஆகவே, ஓய்வு உழைப்பாளியின் சொத்து. அதை அனுபவிக்க வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1936-ல் டுனீஷியா பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் 'பாதுகாப்பில்' இருந்த நாடு. 1881 மே 12-ம் தேதி, படையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பே மன்னரிடம் கையெழுத்து வாங்கிய 'பாதுகாப்பு' அது. பாரிஸில் மக்கள் முன்னணி ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, 1937 மார்ச் மாதம், டுனீஷியாவின் மெத்லாவி பாஸ்பேட் சுரங்கத்தில் வேலை நிறுத்தம் செய்த தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரெஞ்சுத் தொழிலாளி கடற்கரைக்குப் போனான். டுனீஷியத் தொழிலாளிக்குக் கிடைத்தது தோட்டா. விடுமுறைக்கும் காலனிக்கும் உள்ள உறவு அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது.

உழைப்பாளிகள் வென்றெடுத்த விடுமுறையை வியாபாரச் சரக்காக மாற்றுவதற்கு மூலதனத்துக்கு அதிக காலம் பிடிக்கவில்லை. 1950-ம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு மஜோர்க்கா தீவில், யுத்தத்தில் மிஞ்சிய பட்டாளத்துக் கூடாரங்களை அடித்து 'கிளப் மெடிட்டரேனி' என்ற ஸ்தாபனம் தொடங்கிற்று. சில ஆண்டுகளுக்குள் டுனீஷியாவின் ஜெர்பா தீவுக்கும் வந்து சேர்ந்தது. அங்கே காசு கிடையாது. கழுத்தில் கோத்த பாசிமணிகளைக் கழற்றிக் கொடுத்தால் மது கிடைக்கும். சமத்துவ சமுதாயமே வந்துவிட்டது போல அன்று சிலர் எழுதினார்கள். மணிகளை விற்றவன் யார், அறையைப் பெருக்கியவளுக்கு எத்தனை மணி கூலி என்று கேட்டவர்கள் குறைவு.

இனி டுனீஷியாவின் கதைக்கு வருவோம். 1956 மார்ச் 20-ம் தேதி நாடு விடுதலை பெற்றது. தலைவர் ஹபீப் பூர்கிபா சில நல்ல காரியங்களைச் செய்தார், மறைப்பானேன். அதே ஆண்டு ஆகஸ்ட் 13-ல் குடும்பச் சட்டத்தை மாற்றிப் பலதார மணத்தை ஒழித்தார். ஆனால் 1963 ஜனவரியில் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தவரும் அவரேதான். 1981 வரை அந்தத் தடை நீடித்தது. அவர் காலத்திலும், 1987 நவம்பர் 7-ல் அவரைத் தள்ளிவிட்டு நாற்காலியைப் பிடித்த பென் அலி காலத்திலும், அன்னியச் செலாவணிக்கு வழி என்று சொல்லிக் கடற்கரை நெடுக ஓட்டல்கள் எழும்பின. பூர்கிபாவின் சொந்த ஊர் மொனாஸ்திர். பென் அலியின் ஊர் ஸூஸ் நகரத்தை ஒட்டியது. இரண்டும் கடலோரம். உள்நாட்டு மாவட்டங்கள் பாஸ்பேட்டையும் கோதுமையையும் ஆட்களையும் கடலோரத்துக்கு அனுப்பின. பதிலுக்கு என்ன பெற்றன என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

உல்லாசப் பயணத்தின் பணம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். ஆசிரியரின் மகள் லியோனில் ஒரு பயணக் கம்பெனியில் 'எல்லாம் அடக்கம்' என்ற சீட்டு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விமானம், அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மது எல்லாம் ஒரே விலை. பணம் முழுவதும் பிரான்ஸிலேயே கட்டியாகிவிடுகிறது. விமானம் பெரும்பாலும் ஐரோப்பியக் கம்பெனியுடையது. பயணக் கம்பெனி தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறது. டுனீஷியா ஓட்டலுக்கு எவ்வளவு தருவது என்பதைக் கம்பெனிதான் நிர்ணயிக்கிறது. ஓட்டல்காரர் மறுத்தால் பக்கத்து ஓட்டல், பக்கத்து ஓட்டலும் மறுத்தால் மொராக்கோ, எகிப்து, துருக்கி. அந்தப் பணமும் உடனே வராது. விருந்தாளி வந்து, தின்று, குளித்து, திரும்பிப் போய் மாதங்கள் கழித்து வரும். விலையை அடித்து இறக்கும்போது ஓட்டல்காரர் எதைக் குறைப்பார்? வங்கி வட்டியையா? மின்சாரக் கட்டணத்தையா? கூலியைத்தான் குறைக்கிறார். சீசன் முடிந்ததும் ஆளை வீட்டுக்கு அனுப்புகிறார்.

இது நாம் கட்டிவிட்ட கதையல்ல. 2019 செப்டம்பர் 23-ம் தேதி, 178 வயதான பிரிட்டிஷ் பயணக் கம்பெனி தாமஸ் குக் ஒரே இரவில் கவிழ்ந்தது. அந்தக் கோடையின் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தங்கிப் போனவர்களுக்காக மட்டும் டுனீஷிய ஓட்டல்களுக்கு 6 கோடி யூரோ பாக்கி என்று அந்நாட்டு மந்திரி அறிவித்தார். சமைத்துப் போட்டாயிற்று, படுக்கை விரித்தாயிற்று, அழுக்குத் துணி வெளுத்தாயிற்று. பணம் லண்டனில் மாயமாயிற்று. ஹம்மாமெட் கடற்கரையில் ஓர் ஓட்டலில், பாக்கியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிரயாணிகளை வாசலிலேயே மறித்தார்கள். 'பிணைக் கைதிகள்' என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் கூக்குரலிட்டன. பிரயாணிகளின் பதற்றம் நியாயமானதே. அவர்களும் பணம் கட்டி ஏமாந்தவர்கள். ஆனால் அந்தப் பத்திரிகைகளில் எத்தனை, இரண்டு மாதம் உழைத்த சமையற்காரரிடமும் படுக்கை விரித்த பெண்ணிடமும் ஒரு வார்த்தை கேட்டன? தங்கள் பிரயாணிகளை விமானம் வைத்து அழைத்துப் போக பிரிட்டிஷ் சர்க்காரால் முடிந்தது. ஓட்டல் பாக்கியை வசூலித்துக் கொடுக்க எந்த சர்க்கார் விமானம் அனுப்பியது?

"அப்படியானால் போகாமலிருப்பதுதானே தொழிலாளிக்கு நாம் செய்யும் உதவி?" என்று முதல் தோழர் மறுபடியும் கேட்கிறார். பகிஷ்காரம் நமக்குப் பழக்கமான ஆயுதம்தான். ஆனால் எங்கே, யார் அழைப்பில், யாருக்கு எதிராக என்று பார்க்காமல் வீசினால் அது நம்மவர்கள் தலையில் விழும். டுனீஷியத் தொழிலாளர் சங்கம் எதுவும் 'வராதீர்கள்' என்று உலகத்துக்குச் சொல்லவில்லை. வராமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டிருக்கிறார்கள்.

2015 மார்ச் 18-ம் தேதி தலைநகர் டுனிஸில் பார்தோ கண்காட்சிசாலையில் மதவெறியர்கள் சுட்டு 22 பேரைக் கொன்றார்கள். ஜூன் 26-ம் தேதி ஸூஸ் நகரத்தை அடுத்த கடற்கரை ஓட்டலில் ஒருவன் துப்பாக்கியுடன் புகுந்து 38 பேரைக் கொன்றான். அவர்களில் 30 பேர் பிரிட்டிஷ்காரர்கள். அந்த நாளில் நடந்த ஒன்றை நம் வாசகர்கள் மறக்கக் கூடாது. பக்கத்து ஓட்டல் தொழிலாளர்கள் மணலில் கைகோத்து வரிசையாக நின்று, சுடுபவனுக்கும் பிரயாணிகளுக்கும் நடுவே தங்கள் உடம்பை வேலியாக்கினார்கள். சீசனுக்கு மட்டும் வேலை, குறைந்த கூலி, மழைக்காலத்தில் வேலையில்லை என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்கள். சம்பளப் பட்டியலில் இப்படிப்பட்ட வேலைக்கு ஏதாவது இடமுண்டா?

இதற்குப் பரிசு என்ன? ஜூலை மாதமே, அவசியமின்றி டுனீஷியா போகாதீர்கள் என்று பிரிட்டிஷ் சர்க்கார் தன் பிரஜைகளுக்கு எச்சரிக்கை விட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 2017 ஜூலையில்தான் அது தளர்ந்தது. அந்த இரண்டு ஆண்டில் ஓட்டல்கள் மூடிக் கிடந்தன. பெரிய முதலாளி வங்கிக் கடனைத் தள்ளிப்போட்டுக்கொண்டார். பரிமாறுகிறவர், தோட்டக்காரர், துணி வெளுப்பவர், மட்பாண்டம் விற்பவர், வாடகைக் கார் ஓட்டுபவர் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்தார்கள். போகாமலிருப்பது யாரைத் தண்டிக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? பிறகு கூட்டம் திரும்பி வந்தது. 2024-ல் வந்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். ஜனத்தொகையே சுமார் 1 கோடியே 20 லட்சம்தான்.

ஆகவே ஆசிரியத் தோழருக்கு நமது யோசனை: போங்கள். ஆனால் ஓட்டல் மதிலுக்குள் எட்டு நாளும் அடைபட்டுக் கிடக்காதீர்கள். 'எல்லாம் அடக்கம்' வேண்டாம். அறையை மட்டும், கூடுமானவரை ஊருக்குள் ஒரு சிறு விடுதியில் எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஓட்டலுடையதல்ல. டுனீஷியச் சட்டப்படி அது பொதுச் சொத்து. மதிலுக்கு வெளியே சாப்பிட்டால் அந்தக் காசு அன்றைக்கே அந்த ஊர்க் கடையில் புழங்கும். சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்: காய்ந்த மிளகாயும் பூண்டும் சேர்த்து அரைத்த ஹரிஸ்ஸா என்ற துவையல் இல்லாமல் அங்கே இலை போடுவதில்லை என்றே சொல்லலாம். ஐரோப்பாவில் உப்புச் சப்பில்லாமல் தின்று வெறுத்துப்போன நம் ஊர் நாக்குக்கு அது பெரிய ஆறுதல். இன்னொன்று: பணியாளருக்கு இனாம் கொடுப்பதானால் டுனீஷிய தினாரில் கொடுங்கள். யூரோ சில்லறைக் காசுகளை எந்த வங்கியும் மாற்றித் தராது. அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ஊர் திரும்பும்போது தினாரை வெளியே எடுத்துப் போகவும் சட்டம் இடம் தராது. மிச்சமிருப்பதை அங்கேயே செலவழித்துவிடுங்கள்.

போக்குவரத்துக்கு இரயில் இருக்கிறது. டுனிஸிலிருந்து ஸூஸ், எல் ஜெம் வழியாக ஸ்பாக்ஸ் வரை போகும். இரயில் இல்லாத ஊர்களுக்கு 'லுவாஜ்' என்ற பங்கு வண்டி. ஆள் நிறைந்ததும் கிளம்பும். நேரம் கேட்டு வாதாடிப் பயனில்லை. நம் ஊர் ஷேர் வண்டியில் போனவர்களுக்கு இது புதிதா?

என்ன பார்ப்பது? டுனிஸ் நகரப் புறத்தில் கார்த்தேஜ். ரோமானியர்கள் கி.மு. 146-ல் எரித்துத் தரைமட்டமாக்கிய நகரம். ஏகாதிபத்தியத்தின் குணத்தை அங்கே ஒரு விஷயத்தில் பார்க்கலாம். ஊரையே அழித்தவர்கள், மாகோ என்ற கார்த்தேஜியர் எழுதிய 28 பாகம் கொண்ட விவசாய நூலை மட்டும் பத்திரமாக எடுத்துப் போய் லத்தீனில் மொழிபெயர்க்க உத்தரவிட்டார்கள். நிலத்தை எப்படிப் பிழிந்து லாபம் எடுப்பது என்ற ஞானம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்த ஞானத்தைப் பெற்றெடுத்த ஜனங்கள் தேவைப்படவில்லை. பிறகு பல நூற்றாண்டு ரோமாபுரியின் ரொட்டிக்கு தானியம் அனுப்பிய நாடு இது.

எல் ஜெம் ஊரில் இரயிலை விட்டு இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், வீடுகளுக்கு நடுவே மலை போல ஒரு வட்டக் கட்டிடம். மூன்றாம் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய களரி. சுமார் 35,000 பேர் உட்காரலாம். அடிமைகளும் மிருகங்களும் சாவதை வேடிக்கை பார்க்கக் கட்டியது. இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு பெரிய களரி எப்படி வந்தது? ஒலிவ எண்ணெய்ப் பணம். அந்த எண்ணெய் நிலப்பிரபுக்கள் கி.பி. 238-ல் வரி பொறுக்காமல் சக்கரவர்த்தியின் வரி அதிகாரியைக் கொன்று, தங்களுக்கென்று வேறொரு சக்கரவர்த்தியையே அறிவித்தார்கள். நிலச்சுவான்தார்கள் வரி என்றால் எப்படிக் கொதிப்பார்கள் என்பது நமக்குத் தெரியாத விஷயமா? வழிகாட்டி சொல்லும் கதைகளை நன்றாகக் கேளுங்கள்; அந்தக் கல்லைச் சுமந்தவன் யார் என்று மட்டும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

670-ம் ஆண்டு எழுந்த கைரவான் நகரத்துப் பெரிய மசூதியில், பழைய ரோமானியக் கட்டிடங்களிலிருந்து கொண்டுவந்த தூண்களே வரிசை வரிசையாக நிற்கின்றன. பார்தோ கண்காட்சிசாலையில் வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த ரோமர் காலத்துச் சித்திரங்கள் உலகப் புகழ் பெற்றவை. மீன்பிடித்தல், உழவு, ஒலிவ அறுவடை எல்லாம் அவற்றில் இருக்கின்றன. வடக்கே செஜ்னான் கிராமத்துப் பெண்கள் சக்கரமில்லாமல் கையாலேயே வனையும் மண்பாண்டங்கள் கிடைத்தால் அவர்களிடமே வாங்குங்கள்; விமான நிலையக் கடையில் வாங்காதீர்கள்.

டுனிஸ் நகரத்தின் பிரதான வீதியில் ஒரு சிலை இருக்கிறது. இப்ன் கல்தூன் சிலை. 1332-ல் அந்த நகரில் பிறந்தவர். சரித்திரம் என்பது ராஜாக்களின் பட்டியல் அல்ல; ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், எப்படிக் கூடி வாழ்கிறார்கள் என்பதிலிருந்துதான் ராஜ்யங்களின் ஏற்றமும் வீழ்ச்சியும் புரியும் என்று 1377-ல் எழுதியவர். மனிதன் ஈட்டும் பொருளுக்கு மூலம் உழைப்பு என்று மார்க்ஸுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு முன்பே சொன்னவர். அவருடைய சிலைக்கு ஒரு பக்கம் பிரெஞ்சு தூதராலயம், மறுபக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய மாதாகோவில். நடுவில் கிழவர் கையில் புத்தகத்தோடு நிற்கிறார். நல்ல இடம்தான்.

அதே வீதியில் இன்னும் கொஞ்சம் போனால் உள்நாட்டு மந்திரி காரியாலயம். 2011 ஜனவரி 14-ம் தேதி அந்த வாசலில்தான் ஜனக்கடல் திரண்டது. அன்று மாலையே பென் அலி விமானமேறி சவூதி அரேபியாவுக்கு ஓடினார்.

பிறகு நீங்கள் அவசியம் போக வேண்டியது கஸ்பா பகுதியில் பர்ஹாத் ஹாஷெத் அடக்கமாகியிருக்கும் இடம். 1914-ல் கெர்க்கன்னா தீவில் பிறந்தவர். 1946 ஜனவரி 20-ல் டுனீஷியத் தொழிலாளர் பொதுச் சங்கத்தை நிறுவியவர். 1947 ஆகஸ்ட் 5-ம் தேதி ஸ்பாக்ஸ் வேலை நிறுத்தத்தில் காலனிப் படை சுட்டு ஏறக்குறைய முப்பது தொழிலாளர்களைக் கொன்றது. சங்கம் ஒடுங்கவில்லை, வளர்ந்தது. 1952 டிசம்பர் 5-ம் தேதி காலையில் ஹாஷெத்தைக் காரில் போகும்போது சுட்டுக் கொன்றார்கள். 'சிவப்புக் கை' என்று பெயர் வைத்துக்கொண்ட பிரெஞ்சுக் கொலைகாரக் கும்பலின் வேலை. மறுநாட்களில் மொராக்கோவின் காஸாபிளாங்கா தொழிலாளர்கள் அவருக்காக வேலை நிறுத்தம் செய்து, தாங்களும் சுடப்பட்டார்கள். நமது ஆசிரியர் ஒரு பூ வைக்க வேண்டுமென்று விரும்பினால் அங்கே வைக்கட்டும்.

கடற்கரை வேண்டுமென்றால் ஹாஷெத் பிறந்த கெர்க்கன்னாவுக்கே போகலாம். ஸ்பாக்ஸிலிருந்து படகு போகிறது. ஆழமில்லாத கடல். பனை மட்டைகளை நட்டு, அலையின் போக்கிலேயே மீனை வளைக்கும் பழைய முறை அங்கே இன்றும் உண்டு. ஹம்மாமெட்டைப் போல நீண்ட மணல் இருக்காது, மதிலும் இருக்காது.

இனி உள்நாட்டுக்கு. சஹாரா ஓரத்தில் டூஸ் என்ற ஊரில் பிரயாணிகளை இறக்கி ஒட்டகத்தில் ஏற்றுவார்கள். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் 1983 டிசம்பர் கடைசியில் ரொட்டிக் கலகம் வெடித்தது அந்தத் தெற்குப் பாலைவன ஊர்களில்தான். சர்வதேச நாணய நிதியின் பேச்சைக் கேட்டு ரொட்டி விலையை ஒரே தாவலில் இரட்டிப்பாக்கினார்கள். கலகம் தெற்கிலிருந்து தலைநகர் வரை பரவிற்று. பல பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 1984 ஜனவரி 6-ம் தேதி பூர்கிபா வானொலியில் பேசி விலையேற்றத்தை வாபஸ் வாங்கினார். இரண்டே ஆண்டில், 1986-ல், அதே நிதி வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது.

கப்ஸா சுரங்கப் பிரதேசத்துக்கு உல்லாசப் பயணக் கம்பெனிகள் அதிகம் போவதில்லை. 1897-ல் நிறுவப்பட்ட பாஸ்பேட் கம்பெனி அங்கே தோண்டுகிறது. 1980-களுக்குப் பின் வந்த ஆட்குறைப்பில் வேலை செய்வோர் தொகை பாதிக்கும் கீழே போயிற்று. 2008 ஜனவரியில் கம்பெனி வேலைக்குத் தேர்ந்தெடுத்தவர்கள் பட்டியல் வெளியானது. சிபாரிசுக்காரர் பெயர்களே அதில் இருந்தன. ரெதெயெப் என்ற ஊர் எழுந்தது. பெண்களும் இளைஞர்களும் வேலையற்ற பட்டதாரிகளும் ஆறு மாதம் போராடினார்கள். சிறை, அடி, துப்பாக்கிச் சூடு. உலகப் பத்திரிகைகள் திரும்பிப் பார்க்கவில்லை. 2010 டிசம்பர் 17-ல் பக்கத்து மாவட்டமான சிதி பூஸித்தில் தெருவோர வியாபாரி முகம்மது பூஅஜீஸி தீக்குளித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தன.

அந்த பாஸ்பேட்டுக்கும் நமக்கும் சம்பந்தம் உண்டு. டுனீஷியாவின் ஸ்கிரா துறைமுகத்தில் பாஸ்பாரிக் அமிலம் செய்யும் தொழிற்சாலையில் இந்திய உரக் கம்பெனிகளும் பங்காளிகள்; அது 2013-ல் உற்பத்தி தொடங்கிற்று. நம் வயலில் தூவும் உரத்தின் பின்னால் ரெதெயெப்பின் தூசியும், காபெஸ் வளைகுடாவின் கழிவும் இருக்கின்றன. காபெஸ் ஒரு காலத்தில் கடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் பேரீச்சஞ் சோலைக்குப் பேர் போன இடம். 1970-களிலிருந்து ரசாயன ஆலை தன் கழிவை அந்தக் கடலிலேயே கொட்டிற்று. 2025 அக்டோபரில் ஊர் ஜனங்கள் 'மூச்சு விட முடியவில்லை' என்று பல்லாயிரக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். அந்தக் காபெஸுக்கு வடக்கே வாதி அகாரித் என்ற ஓடையண்டை 1943 ஏப்ரலில் 4-வது இந்திய டிவிஷன் சிப்பாய்கள் ஹிட்லர், முசோலினி படைகளை எதிர்த்து இரவில் மலையேறிப் போரிட்டார்கள். இந்தியன் காலடி படாத மண் அல்ல அது.

தண்ணீர் விஷயம் ஒன்று. பல ஆண்டு வறட்சிக்குப் பிறகு 2023 மார்ச் மாதக் கடைசியில் சர்க்கார் குழாய்த் தண்ணீருக்கு இரவு நேர வெட்டு விதித்தது. குழாய் நீரை வயலுக்கு விடக்கூடாது, கார் கழுவக்கூடாது என்று தடை போட்டது. நீச்சல் குளமுள்ள ஓட்டலில் அறை எடுக்குமுன், பத்தடி தூரத்தில் கடலே இருக்கும்போது குளம் எதற்கு என்று ஆசிரியர் தன் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.

இன்றைய ஆட்சியைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2019-ல் ஜனாதிபதியான கைஸ் சயீது 2021 ஜூலை 25-ம் தேதி பார்லிமெண்டை முடக்கினார். அதிகாரமெல்லாம் தன் கையில் வைத்துக்கொண்டார். நாணய நிதியின் கட்டளைக்குப் பணியமாட்டேன் என்று 2023-ல் அவர் பேசியது காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அதே ஆண்டு கறுப்பு ஆப்பிரிக்கக் குடியேறிகள் மேல் பழி போட்டுப் பேசி வெறியைக் கிளப்பினார். 2023 பிப்ரவரியில் ஸ்பாக்ஸ் நகரில் சங்கப் பேரணியில் பேசியதற்காக, ஐரோப்பியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் பொதுச் செயலாளர் எஸ்தர் லிஞ்சை இருபத்து நாலு மணி நேரத்தில் நாட்டை விட்டு வெளியேற உத்தரவிட்டது அவரது சர்க்கார். நீந்த வருகிற ஐரோப்பியருக்குச் சிவப்புக் கம்பளம். தொழிலாளியோடு கைகுலுக்க வருகிற ஐரோப்பியருக்கு வெளியேற்ற உத்தரவு. ஆகையால் ஆசிரியரே, அங்கே சங்கக்காரர்களைக் கண்டு பேச விரும்பினால் அவர்களுக்குத் தொல்லை வராத விதத்தில் பேசுங்கள். மேடை ஏற வேண்டாம். டீக்கடை போதும். அங்கே புதினா போட்டுத் தருவார்கள்.

கடைசியாக ஸர்ஸிஸ். ஜெர்பாவுக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர். ஓட்டல்கள் இருக்கின்றன, தண்ணீர் நீலமாக இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் படகேறிச் சென்று மூழ்கியவர்களின் உடல்கள் அந்தக் கரையில்தான் ஒதுங்குகின்றன. 2021-ல் அங்கே அவர்களுக்கென்று 'ஆப்பிரிக்கத் தோட்டம்' என்ற இடுகாடு திறக்கப்பட்டது. அல்ஜீரியக் கலைஞர் ரஷீத் கொராய்ஷி அமைத்தது. பெயர் தெரியாத கல்லறைகள் பல. 2022 செப்டம்பரில் அந்த ஊரைச் சேர்ந்தவர்களே 18 பேர் ஒரு படகில் போய்க் காணாமற்போனார்கள். சில உடல்களை இன்னாரென்று பாராமலேயே புதைத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஊரே பொது வேலை நிறுத்தம் செய்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய யூனியன் டுனீஷியாவோடு உடன்படிக்கை செய்து, எல்லைக் காவலுக்கென்று 10 கோடியே 50 லட்சம் யூரோ ஒதுக்கிற்று. லியோனிலிருந்து ஜெர்பாவுக்கு ஒரு டிக்கெட்டில் போய்விடலாம். ஸர்ஸிஸ் பையன் லியோனுக்கு வர என்ன வேண்டும் என்பதை மகளிடம் கேளுங்கள். குடியேறியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

எட்டு நாளில் இத்தனையும் முடியாது என்பது நமக்கும் தெரியும். டுனிஸில் மூன்று நாள், எல் ஜெம்மில் இறங்கிப் பார்த்துவிட்டு ஸ்பாக்ஸில் ஒரு நாள், கெர்க்கன்னாவில் மூன்று நாள், திரும்ப ஒரு நாள். இது போதும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கொளுத்தும், விலையும் ஏறியிருக்கும். மே அல்லது செப்டம்பர் கடைசி வயதானவர்களுக்கு உத்தமம். தலைக்கு ஒரு துண்டு, காலுக்கு நடக்கத்தக்க செருப்பு. பிரெஞ்சு மொழி மகளுக்குத் தெரியுமாகையால் பேச்சுக்குத் தடையில்லை.

ஊர் திரும்பியதும் ஆசிரியர் நமக்கு எழுத வேண்டும். தங்கிய விடுதியில் அறை பெருக்குகிறவருக்கு மாதம் எத்தனை தினார், குளிர்காலத்தில் அவருக்கு என்ன வேலை, சங்கம் உண்டா என்ற மூன்றையும் விசாரித்து எழுதினால், இதே பக்கத்தில் இடம் ஒதுக்குகிறோம்.